வீடு யாருடைய பெயரில்?
சமூகவியலும் மனித உரிமைகளும் கற்பதால் எமக்கு என்ன பயன்?

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, படுவான்கரையிலிருந்து ஒரு தாய் தமது மகளையும் அழைத்துக்கொண்டு கல்லடிக்கு என்னைத் தேடி வந்தார். பாலத்தைக் கடந்து, வெயிலில் நடந்து வந்த களைப்பு இருவர் முகத்திலும் தெரிந்தது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் வீட்டையும் வயலையும் விட்டு ஓடி, மூன்று முகாம்கள் மாறி, பின்னர் ஊர் திரும்பிய குடும்பம் அது. வயலில் ஒரு பகுதி இன்னும் அவர்களின் கைக்கு வந்து சேரவில்லை. மகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் கலைப் பிரிவில் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள்.

"சுவாமி, இவள் சமூகவியல் படிக்கப் போறாளாம். அதுக்குப் பிறகு மனித உரிமை எண்டு இன்னும் மேல படிக்க வேணுமாம். இதப் படிச்சா போன காணி திரும்பி வருமா? நீங்களே சொல்லுங்க" என்று அந்தத் தாய் கேட்டார்.

அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். பிள்ளைகளைப் படிப்பித்துக்கொண்டிருக்கும் எத்தனையோ குடும்பங்களின் மனதில் இதே கேள்வி இருக்கும் என்பதால், ஆறுதலாக யோசித்து இங்கே பதில் எழுத முற்படுகிறேன்.

நான் எழுதிய ஒரு பெயர்

முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையைத் தாக்கியபோது நான் குருமடத்தில் பயின்றுகொண்டிருந்தேன். நாவலடியும் கல்லடிக் கரையோரமும் கண் முன்னே அழிந்துபோயின. ஜனவரி மாதத்தில் பாடசாலை ஒன்றில் தங்கியிருந்த குடும்பங்களைப் பதிவு செய்யும் வேலை எனக்குத் தரப்பட்டது. கையில் ஒரு படிவம். அதன் முதலாவது வரி: 'குடும்பத் தலைவரின் பெயர்'.

ஒரு தாய் முன்னே வந்து அமர்ந்தார். கணவரின் பெயரைக் கேட்டேன். சொன்னார். எழுதினேன். அழிந்துபோன வீட்டின் விபரம் கேட்டபோது, "அது எங்கட அம்மா எனக்குத் தந்த வீடு, பிரதர். அவர் கட்டி வந்தவர்" என்றார். "படிவத்தில தலைவரின் பெயரைத்தான் கேக்கிறாங்க அம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டேன். வரிசை நீளமாக இருந்தது.

அந்தப் படிவத்தின்படி நிவாரணம் வந்தது. நிவாரணப் பட்டியலின்படி புதிய வீடும் வந்தது. கடலிலிருந்து தள்ளி ஒதுக்கப்பட்ட காணியில் கட்டப்பட்ட அந்த வீட்டின் பத்திரம் கணவரின் பெயரிலேயே அமைந்தது. சில ஆண்டுகளில் அந்த மனிதர் வேறொரு குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். மகளுக்குக் கல்யாணம் பேசி வந்தபோது, வீட்டை அவள் பெயருக்கு எழுத வேண்டியிருந்தது. எழுதுவதற்குத் தாயிடம் ஒன்றும் இல்லை. அவர் தாயிடமிருந்து பெற்ற வீட்டைக் கடல் கொண்டுபோனது. அந்த வீட்டின் மீதிருந்த உரிமையை என்னுடைய பேனை கொண்டுபோனது.

அவர் என்னிடம் வந்து கோபிக்கவில்லை. "அண்டைக்கு எழுதினது நீங்கதானே" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதரைத் தேடிப் பிடித்து, பெரியவர்களை வைத்துப் பேசி, கையெழுத்து வாங்க மூன்று ஆண்டுகள் சென்றன. அதற்குள் பேசி வந்த சம்பந்தம் போய்விட்டது.

நாற்பது வயதைத் தாண்டிய பின்னர் நான் மீண்டும் மாணவனாகி, சமூகவியலிலும் மனித உரிமைகளிலும் பட்டப்பின் படிப்புக்குச் சென்றதற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம்.

எமது ஊரை நாமே படித்தல்

சமூகவியல் என்றால் என்ன? மனிதர் ஒன்றுகூடி வாழும்போது உருவாகும் ஒழுங்குகளைக் கவனித்து, விசாரித்து, எழுதி விளங்கிக்கொள்ளும் கல்வி என்று சுருக்கமாகச் சொல்லலாம். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர்? காணி யாரிடமிருந்து யாருக்குப் போகிறது? போடியாருக்கும் முல்லைக்காரனுக்கும் இடையே விளைச்சல் எவ்வாறு பிரிகிறது? கோயிலில் முதல் மரியாதை எந்தக் குடிக்கு? நாம் நாள்தோறும் வாழ்ந்துகொண்டிருக்கும் விடயங்களே இவை. வாழ்வதால் இவை எமக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை எழுத்தில் நிறுவ நாம் பழகவில்லை.

மட்டக்களப்பில் குடி என்பது தாய்வழியாக வருவது. கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போகிறான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்காகப் பெற்றோர் வேறு வீடு கட்டத் தொடங்குகிறார்கள். இவ்விதம் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. கணவன் வேறு பெண்ணை நாடிப் போனாலும், குடித்துக் கூத்தாடினாலும், பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் காலடியில் ஒரு நிலம் இருக்கும். அதுவே இந்த வழமையின் பலம்.

'குடும்பத் தலைவர்' என்ற இரண்டு சொற்கள் இந்த வழமையை அறியாதவை. வேறிடத்தில் தயாரான படிவம் அது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் எமது கரையில் என்ன நடந்தது என்பதை மானிடவியலாளர்களான டெனிஸ் மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். இருவரும் நீண்ட காலமாக மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதிகளின் மக்களோடு பழகியவர்கள். தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இரண்டிலும், கிடைத்த புதிய வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பதே பெற்றோரின் எண்ணமாக இருந்ததை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். வீட்டுப் பத்திரம் ஆணின் பெயரில் மட்டும் போகக்கூடாது, குறைந்தபட்சம் இருவர் பெயரிலும் வர வேண்டும் என்று மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகளும் அன்று குரல் எழுப்பின. அந்தக் குரலுக்குப் பின்னால் ஊரின் வழமை பற்றிய அறிவு இருந்தது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. வழமை என்பதற்காக எல்லாமே நல்லது என்று சமூகவியல் சொல்வதில்லை. வீடு கட்டிக் கொடுக்க வழியில்லாத பெற்றோருக்கு இதே சீதன வழமை பெரும் சுமையாகிறது. மூன்று பெண்பிள்ளைகள் உள்ள தகப்பன் மத்திய கிழக்குக்கு மனைவியை அனுப்புவதும், வயலை ஈடு வைப்பதும் இதனால்தான். வழமையின் இரண்டு முகத்தையும் பார்க்கப் பழக்குவதே இந்தப் படிப்பு.

கல் ஓயாவில் ஒரு வகுப்பு

இலங்கையில் பிறந்து உலகப் புகழ் பெற்ற அறிஞர் ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா. பிற்காலத்தில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கி, 2014இல் காலமானார். 1956இல் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் இளம் சமூகவியல் விரிவுரையாளர். தமது மாணவர்களை அழைத்துக்கொண்டு கல் ஓயாக் குடியேற்றத் திட்டத்துக்குக் கள ஆய்வுக்குச் சென்றிருந்தார். இன்று அம்பாறை மாவட்டமாக இருக்கும் அந்தப் பகுதி அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே இருந்தது.

விவசாயிகளின் வாழ்க்கையைப் பற்றிக் கேள்வி கேட்கப் போன அந்தக் குழு, அங்கு வெடித்த இனக் கலவரத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்டது. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒன்றாக இருந்த குழு அது. காணியும் தண்ணீரும் யாருக்கு என்ற கேள்வி எவ்வாறு இரத்தத்தில் முடியும் என்பதை அவர்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, கண்ணால் கண்டார்கள். பல ஆண்டுகளின் பின்னர், தெற்காசியாவின் இனக் கலவரங்களைப் பற்றித் தாம் எழுதிய பெரிய நூலில் தம்பையா அந்த நாட்களுக்குத் திரும்பினார். இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களாகிய நாம் இதனை நினைவில் வைத்திருப்பது நல்லது. இந்த நாட்டின் சமூகவியலும் எமது வயல்களும் அன்றே சந்தித்துவிட்டன.

அறிவு உரிமையாக மாறும் இடம்

'சரி, ஊர் வழமையை எழுதியாயிற்று. அதனால் பத்திரம் மாறுமா?' என்று நீங்கள் கேட்கலாம். மாறாது. அங்கேதான் இரண்டாவது கல்வி தேவைப்படுகிறது.

சூடான் நாட்டில் மாடு வளர்த்து வாழும் டிங்கா மக்களின் தலைவர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் பிரான்சிஸ் டெங். சட்டம் படித்தார். தமது சொந்த மக்களின் வழமைகளைப் பற்றி நூல்கள் எழுதினார். 1992இல் ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான தமது பிரதிநிதியாக அவரை நியமித்தார். 1993இல் அவர் இலங்கைக்கும் வந்து நிலைமையைப் பார்த்துச் சென்றார். அவரது தலைமையில் உருவான 'உள்ளக இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகள்' 1998இல் முன்வைக்கப்பட்டன. மொத்தம் 30 கோட்பாடுகள்.

அவற்றுள் 20ஆவது கோட்பாட்டைப் பாருங்கள். இடம்பெயர்ந்தோருக்கு வேண்டிய ஆவணங்களைப் பெறுவதற்குப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம உரிமை உண்டு, அவை அவரவர் சொந்தப் பெயரிலேயே வழங்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. 21ஆவது கோட்பாடு, விட்டுவந்த சொத்துக்குப் பாதுகாப்புக் கேட்கிறது. 29ஆவது, திரும்பி வருவோர் தமது சொத்தை மீளப் பெற உதவுவது அதிகாரிகளின் கடமை என்கிறது. 2005 ஜனவரியில் நான் அந்தப் படிவத்தை நிரப்பியபோது இந்தக் கோட்பாடுகளுக்கு ஆறு வயது கடந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

இக்கோட்பாடுகள் தாமாகவே சட்டம் ஆவதில்லை. ஆயினும் பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981இலேயே ஏற்று உறுதிப்படுத்தியது. எமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோருக்கும் சமத்துவம் தருகிறது. இவற்றை ஒன்றோடொன்று இணைத்து, ஒரு தாயின் குறையை ஒரு கோரிக்கையாக மாற்றத் தெரிந்தவர் வேண்டும்.

உரிமை மட்டும் தெரிந்து ஊர் தெரியாதவர், நல்ல மனதோடு வீட்டைப் பிழையான ஆளுக்குக் கொடுத்துவிடுவார். ஊர் மட்டும் தெரிந்து உரிமை தெரியாதவர், நடந்ததை அறிந்து கவலைப்படுவதோடு நின்றுவிடுவார். இரண்டும் ஒருவரிடத்தில் சேர வேண்டும் என்பதற்காகவே இந்த இரு கல்விகளும் சேர்த்துக் கற்பிக்கப்படுகின்றன.

நாம் அறியாமல் மூடிய கதவு

அந்தத் தாய் கேட்ட கேள்வி காணியைப் பற்றியது. காணிக்கே வருவோம்.

ஒருவருடைய தனியார் காணியை இன்னொருவர் 10 ஆண்டுகள் தடையின்றி, எதிர் உரிமையோடு ஆண்டு வந்தால், அந்தக் காலத்தைக் காட்டி நீதிமன்றத்தில் உரித்துக் கேட்கலாம் என்பது எமது நாட்டின் பழைய சட்டம். முகாமில் இருந்தவன் எப்படி 10 ஆண்டுக்குள் வந்து வழக்குப் போடுவான்? இந்த அநீதியை உணர்ந்து 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் தமது காணி உரிமையைக் கோர முடியாதிருந்தவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து விலக்கியது அச்சட்டம். ஆனால் வழக்கைத் தொடர 2 ஆண்டு அவகாசமே தந்தது. அந்த அவகாசம் முடிந்துவிட்டது.

நான் சென்ற கிராமங்களில் இதைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு சட்டம் வந்ததும் போனதும் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. கதவு திறந்திருந்தது, எமக்குச் சொல்ல ஆளில்லை. படித்த ஒரு பிள்ளை அந்த ஊரில் இருந்திருந்தால்?

அரச காணியில் பெர்மிட்டோடு பயிர் செய்வோருக்கும் ஒரு செய்தி உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளரைப் பெயர் குறித்து வைக்காமல் பெர்மிட்காரர் இறந்தால், பிள்ளைகளுக்குள் ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது. பெண்ணுக்குக் காணி கொடுக்கும் மட்டக்களப்பில் இது எத்தனை வீடுகளில் சண்டை மூட்டியது என்பது உங்களுக்குத் தெரியும். பெண்கள் அமைப்புகளும் சட்டம் படித்தவர்களும் நீண்ட காலம் வாதாடியதன் பின்னர், 2022இன் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்த ஆண்–பெண் வேறுபாட்டை நீக்கியது. சட்டமும் மாறும். தானாக மாறாது.

இன்னும் இரண்டு விடயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அரச அதிகாரி ஒருவரால் உங்கள் அடிப்படை உரிமை மீறப்பட்டால், உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். மேலும், உங்கள் காணி பற்றிய கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் உரிமையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தந்துள்ளது. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும்.

வந்தாறுமூலையின் பாடம்

எமது கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தாறுமூலையில் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நான்கு ஆண்டுகள் செல்லுமுன், 1990இல், அந்த வளாகமே அகதி முகாமாகியது. சுற்றியுள்ள கிராமங்களின் விவசாயக் குடும்பங்கள் விரிவுரை மண்டபங்களிலும் மர நிழல்களிலும் தஞ்சம் புகுந்தன. அவ்வாண்டு செப்ரெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை.

1994இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவின் விசாரணைக்கு இந்தச் சம்பவம் வந்தது. நீதி கிடைத்ததா என்றால், அந்தக் குடும்பங்கள் இன்றும் காத்திருக்கின்றன. ஆனால் 158 என்ற எண்ணையும் அந்தத் திகதியையும் எவராலும் அழிக்க முடியவில்லை. சாட்சிகள் பேசினார்கள், பெயர்கள் எழுதப்பட்டன. எத்தனை ஊர்களில் எத்தனை பேர் எழுதப்படாமலேயே போனார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். சரியாக எழுதப்பட்ட பெயர் ஒருவருக்குக் காவல். பிழையாக எழுதப்பட்ட பெயர் என்ன செய்யும் என்பதை நான் மேலே சொன்னேன்.

பாதையும் செலவும்

இனி, பெற்றோர் அறிய விரும்பும் விடயங்கள். இலங்கையில் தெரிவாகும் மாணவருக்கு முதற் பட்டம் இலவசம். வசதி குறைந்தோருக்கு மகாபொல புலமைப்பரிசிலும் மாணவர் உதவிப்பணமும் உண்டு. சமூகவியலில் சிறப்புப் பட்டம் பெற நான்கு ஆண்டுகள் செல்லும். அதன் பின்னரே முதுமாணி, தத்துவமாணி, கலாநிதி என்ற பட்டப்பின் படிப்புகள். அவற்றுக்குப் பெரும்பாலும் கட்டணம் கட்ட வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மனித உரிமைகள் கற்கைக்கான நிலையம் 1991 முதல் இயங்கி வருகிறது. வெளிநாடுகளிலும் இத்துறையில் படிப்புகளும் புலமைப்பரிசில்களும் உண்டு. அவற்றுக்கு ஆங்கிலம் அவசியம். ஆகவே முதலாம் ஆண்டிலேயே ஆங்கிலத்தைத் தொடங்குங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எனக்கு அதிகம் கஷ்டம் தந்தது அதுவே.

வேலை நிச்சயமா? பொய் சொல்ல மாட்டேன். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் நாட்கணக்கில் அமர்ந்திருந்ததை நாம் கண்டோம். கலைப் பட்டம் பெற்றோர் அவர்களுள் பலர். ஆசிரியர், அபிவிருத்தி உத்தியோகத்தர், நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு, தொண்டு நிறுவனங்கள், ஆய்வுப் பணிகள் என்று வழிகள் உண்டு. ஆனால் அவை வரிசையாகக் காத்திருப்பதில்லை. கள ஆய்வு செய்யவும், கணக்கெடுக்கவும், மூன்று மொழிகளில் ஒரு அறிக்கை எழுதவும் தெரிந்த பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். குறிப்புகளை மனனம் செய்து சித்தியடைந்த பிள்ளைக்குக் குறைவு.

அந்தத் தாய்க்கு

அம்மா, உங்கள் மகள் படிப்பதால் போன காணி தானாகத் திரும்பி வராது. வரும் என்று சொன்னால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். ஆனால் அடுத்த முறை ஒரு படிவம் உங்கள் ஊருக்கு வரும்போது, முதலாவது வரியைப் படித்துவிட்டு, "இது எங்கட ஊருக்குப் பொருந்தாது, மாற்ற வேணும்" என்று சொல்ல ஒருத்தி இருப்பாள். அடுத்த முறை இரண்டு ஆண்டுக்கு ஒரு கதவு திறக்கும்போது, வட்டைக் கூட்டத்தில் எழுந்து அறிவிக்க ஒருத்தி இருப்பாள்.

அவள் படித்து முடிக்கும் வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பியை வாங்குங்கள். உங்கள் காணி எது, நான்கு எல்லையும் எவை, யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டில் விட்டு ஓடினீர்கள், எந்தெந்த முகாமில் இருந்தீர்கள், எப்போது திரும்பினீர்கள், இப்போது அதில் யார் பயிர் செய்கிறார்கள் என்பவற்றைத் திகதியோடு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். ஊரின் வயோதிபர் இருவரின் பெயரைச் சாட்சியாகக் குறியுங்கள். வீடு தாய் தந்ததானால், தாய் தந்தது என்றே எழுதுங்கள்.

கடந்த மாதம் அந்த மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. பெட்டிக்குள் அம்மா சொல்லி அவள் எழுதிய ஒரு கொப்பியும் போயிருக்கிறதாம்.